கல்லில்லாத தீவில் கத்தி தீட்டுதல்

மன்னார்த் தீவின் பேசாலைக் கரையில் திருக்கை வெட்டும் ஒருவரின் பக்கத்தில் ஒரு விடிகாலை முழுக்கக் குந்தியிருந்தேன். சோளகக் காற்று மணலை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கட்டையின் மேல் ஓலைப்பெட்டி மூடி அளவுக்கு ஒரு திருக்கை. முதுகு முழுவதும் வழுவழுப்பு, அந்த வழுவழுப்பில் ஒட்டிய மணல். அவர் அதை மல்லாத்திப் போட்டு உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கத்தியை இழுத்தார். தோலைக் கடைசியாகத்தான் அறுத்தார். ஐந்தாறு துண்டு போனதும் கத்தி அறுப்பதை விட்டு நசுக்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த பால்மாப் பேணித் தண்ணீருக்குள் கைவிட்டு, பாதியாக உடைந்த ஒரு கல்லை எடுத்து, இந்தப் பக்கம் ஏழெட்டு, அந்தப் பக்கம் ஏழெட்டு இழுவை. பெருவிரல் நகத்தில் கூரை மெல்ல வைத்துப் பார்த்தார். வழுக்கியது. மறுபடி கல்.

“எந்தக் கல்லு நல்லம் அண்ணை?” என்று கேட்டேன்.

“கல்லைப் பிழை சொல்லேலாது தம்பி. இது நடுவில குழி விழுந்திட்டுது. குழிக்குள்ள வச்சு எவ்வளவு தேய்ச்சாலும் கூர் வராது.”

நான் கல்லின் பெயரைக் கேட்டேன். அவர் கல்லின் முகத்தைப் பற்றிப் பேசினார். கத்தி தீட்டும் கல்லை எப்படித் தெரிவு செய்வது என்ற கேள்வியை மன்னாரை வைத்து ஆராய்ந்து பார்த்தால், அவர் சொன்னதில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். அந்த முடிவுக்கு வர எனக்கு நாளெடுத்தது.

மன்னார்த் தீவு ஏறக்குறைய 26 கிலோமீற்றர் நீளம். தலைமன்னாரிலிருந்து பாலத்தடி வரை நடந்தாலும் மணல்தான், மணலுக்குக் கீழே சுண்ணக்கல்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடக்கும் அதே மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு கடும் பழம்பாறையால் ஆனது. எஞ்சிய சிறுபங்கில் வடமேற்குக் கரையோரமும் குடாநாடும் அடங்கும். ஆகவே கருங்கல் வேண்டுமானால் பெருநிலத்துக்குள் போகவேண்டும். 2022இல் குடமுழுக்குக் கண்ட திருக்கேதீச்சரக் கோயிலின் கருங்கல் திருப்பணியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கற்களில் ஒன்றுகூட அந்த மண்ணில் எடுத்ததல்ல. மன்னார் வீடுகளின் அம்மியும் அப்படியே, வெளியிலிருந்து வந்து சேர்ந்த கல்.

சுண்ணக்கல்லில் ஏன் கத்தி தீட்ட முடியாது? இங்கேதான் விசயத்தின் அடித்தளம் இருக்கிறது. ஒரு பொருளை இன்னொன்று கீற வேண்டுமானால் கீறுவது அதைவிடக் கடினமாக இருக்கவேண்டும். ஜேர்மன் கனிமவியலாளர் மோஸ் 1812இல் வகுத்த பத்துப்படி அளவில் சுண்ணக்கல்லின் கல்சைற்று 3. பதம் ஏற்றிய கத்தி உருக்கு 5½ முதல் 6½ வரை. சுண்ணக்கல்லில் கத்தியைத் தேய்த்தால் கல்தான் மாவாகும். கத்திக்கு ஒன்றும் ஆகாது. வெண்மணல் பரல், அதாவது குவாட்ஸ், 7. உருக்கைவிட ஒரு முடி அளவு கடினம். அந்த ஒரு முடி போதும். உலகில் மனிதன் பல்லாயிரம் ஆண்டு கத்தி தீட்டியது பெரும்பாலும் அந்த வித்தியாசத்தை நம்பித்தான். மணற்கல்லும் அதுதான், அமெரிக்காவின் ஆர்க்கன்சோக் கல்லும் அதுதான். பெல்ஜியத்தின் மஞ்சள் கல் மட்டும் கொஞ்சம் வேறு. அதில் வெட்டுவது கார்னெட் பரல், குவாட்ஸின் கடினத்தைச் சுற்றியே நிற்பது.

மன்னாரில் குவாட்ஸுக்குப் பஞ்சமில்லை. கரை முழுவதும் அதுதான். இடையிடையே கறுப்பு வரியாய் ஓடும் இல்மனைற்று மணலைத் தோண்டி எடுக்கக் கூடாது என்று தீவு மக்கள் அண்மை ஆண்டுகளாகப் போராடி வருவதும் இதே மணலுக்காகத்தான். பரல் உண்டு, ஆனால் பரலைச் சீராகப் பிடித்து வைத்திருக்கும் பாறை இல்லை. கரையோரத்தில் சுண்ணாம்பு கசிந்து மணலைப் பிணைத்துச் சில இடங்களில் பாறைபோல் ஆகியிருக்கிறது. தலைமன்னாருக்கு அப்பால் இராமர் அணைத் தீடைகளிலும் அப்படித்தான். அதைக் கையிலெடுத்துக் கத்தியைத் தேய்த்துப் பாருங்கள். பரல் உதிரும், இடையில் சிப்பித் துண்டு வந்து கூரில் முட்டும், ஓரிடம் அரிக்கும், ஓரிடம் வழுக்கும். தீட்டுக்கல்லுக்கு மூன்று இலக்கணம்: உருக்கைவிடக் கடினமான பரல், ஒரே அளவான பரல், மழுங்கிய பரலை மட்டும் உதிரவிட்டுக் கூரான பரலைப் பிடித்துக்கொள்ளும் பிணைப்பு. கரைப்பாறை முதலாவதில் தேறுகிறது. மற்ற இரண்டிலும் தேறாது.

வீட்டுச் சீமெந்துப் படியில் கத்தி தீட்டாத வீடு எங்கள் பக்கம் இல்லை. என் பெரியம்மா கிணற்றுக்கட்டில் தீட்டுவா. கட்டின் ஒரு மூலை படகின் முதுகுபோல் தேய்ந்து கிடந்தது. அங்கே வெட்டுவது சீமெந்து அல்ல, அதற்குள் கலந்த மணல். அரை மில்லிமீற்றர்ப் பரலும் கால் மில்லிமீற்றர்ப் பரலும் ஒன்றாய்க் கிடக்கும். அதனால் கூர் வரும், ஆனால் அரிவாள் பல்லுப்போல் வரும். தேங்காய் மட்டை சீவ அது போதும். அறுக்குளாவை நைந்துபோகாமல் துண்டு போட அது போதாது. பீங்கான் கோப்பையின் அடி வளையத்தில், மெருகில்லாத அந்த வெள்ளை விளிம்பில், தீட்டுவது படியைவிட எவ்வளவோ மேல். பரல் பொடி, சீரானது. அவசரத்துக்கு நானும் அதைத்தான் செய்கிறேன்.

கல்லே இல்லாமல் கூர் வைக்கும் ஒரு கூட்டம் எங்களிடையே இருக்கிறது. அவர்களைப் பற்றிப் பேசாமல் தீட்டுக்கல்லைப் பற்றி எழுதுவது பாதி ஆய்வுகூட ஆகாது. பனை ஏறுபவர்களைச் சொல்கிறேன். பாளையின் நுனியைக் காலையும் மாலையும் கடதாசி மொத்தத்தில் சீவவேண்டும். சீவுகிற கத்தி கொஞ்சம் மழுங்கினாலும் பாளையின் நுண்குழாய்கள் நசுங்கி அடைபட்டுவிடும். பதநீரோ கள்ளோ முட்டியில் விழாது. மீன் வெட்டுபவருக்கு மழுங்கிய கத்தி என்பது கைவலி. பனை ஏறுபவருக்கு அது அன்றைய வருமானம். அந்தக் கத்திக்கு அவர்கள் பயன்படுத்துவது ஒரு பலகை. வெள்ளைக்கல்லை இடித்து, நுணுக்கி, சலித்து எடுத்த தூளைப் பலகையில் தூவி அதில் கத்தியைத் தட்டையாய் வைத்து இழுப்பார்கள். பலகை மெதுவானது என்பதால் தூள் அதில் கொஞ்சம் புதைந்து நிற்கிறது. இழுக்க இழுக்கத் தூள் இன்னும் நுணுங்குகிறது, கூர் இன்னும் மெருகேறுகிறது. முதல் இழுவைகளின் சரசரப்பு கடைசியில் பட்டுச்சேலை உரசும் ஒலிக்கு இறங்கும். அந்த ஒலி மாறும்போது கத்தியை எடுத்துவிடுவார்கள். பத்தாயிரக்கணக்கில் விலை போகும் மூன்று நான்கு கற்களால் வெளிநாட்டில் படிப்படியாகச் செய்கிற வேலையை, ஒரே தூள் தானே உடைந்து உடைந்து ஒரே பலகையில் செய்து முடிக்கிறது.

‘தீட்டின மரத்தில் கூர் பார்க்கிறது’ என்று நன்றிகெட்டவனைச் சொல்வோம். ஏன் மரம், ஏன் கல் இல்லை என்று சிறுவயதில் எனக்குப் பெரிய குழப்பம். பலகையைப் பார்த்தபிறகுதான் விளங்கியது. தமிழ் நிலத்தில் நுண்கூர் என்பது மரத்திலிருந்து வந்தது. வெட்டுவது தூள், மரம் அதைத் தாங்கும் கை மட்டுமே. கல்லைத் தெரிவு செய்கிற எவரும் முதலில் மனதில் வைக்கவேண்டியது இதைத்தான். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பரலை. மற்றதெல்லாம் அந்தப் பரலுக்கு வீடு.

குவாட்ஸுக்கு மேலே இரண்டு படி ஏறினால் 9ஆம் இடத்தில் நிற்பது குருந்தம். ஆங்கிலத்தில் அந்தக் கனிமத்துக்குப் பெயரே இந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான், வடமொழியில் குருவிந்தம். நீலமும் மாணிக்கமும் குருந்தத்தின் நிறம் ஏறிய தெளிந்த வடிவங்கள். ஆகவே இரத்தினபுரி ஆற்றுப் படுகையில் தேடுவதும், சாணைக்காரன் சக்கரத்தில் இருப்பதும் ஒரே கனிமம். நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டிப் பாறைகளிலும் அது உண்டு. தென்னிந்தியாவில் குருந்தத் தூளை அரக்கோடு உருக்கிப் பிசைந்து வார்த்த சாணைச் சக்கரங்கள் மணி தீட்டுபவரிடமும் ஆயுதம் தீட்டுபவரிடமும் இருந்தன. நல்ல வேலைத்திறன் அது. அரக்கு சூட்டில் இளகும், மழுங்கிய பரலை விடும், உடைந்தால் மீண்டும் உருக்கி வார்க்கலாம். சென்னையிலிருந்து அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்து சார்ள்ஸ் கிரெவில் 1798இல் இலண்டன் அரச கழகத்தில் குருந்தம் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்.

1891இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வேட் அச்சிசன் என்பவர் செயற்கை வைரம் செய்யும் முயற்சியில் களிமண்ணையும் கற்கரியையும் மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சினார். வைரம் வரவில்லை. பளபளக்கும் சிறு பளிங்குகள் வந்தன, கண்ணாடியைக் கீறின. கார்பனும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று எண்ணி அதற்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் காபைட்டு, குருந்தம் அதில் துளியும் இல்லை. ஆனால் பெயர் நின்றுவிட்டது. 1954இல் முருகப்பா குழுமம் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடும் ஒரு பிரித்தானிய நிறுவனத்தோடும் கூட்டுச் சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் ஆலையைத் தொடங்கியது. தமிழகத்திலிருந்து குருந்தமாய்ப் போன சொல் நூற்றைம்பது ஆண்டு கழித்துக் கார்போரண்டமாய்த் தமிழகத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தது. பேசாலை அண்ணையின் பால்மாப் பேணிக்குள் கிடந்த கறுத்த கல்லும் சிலிக்கன் காபைட்டுத்தான்.

இனிக் கடைக்குப் போவோம். மன்னார் பட்டினத்து இரும்புக் கடையில் கேட்டால் எடுத்துத் தருவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த நீளத்தில், ஒரு முகம் சொரசொரப்பாயும் மறுமுகம் மெதுவாயும் உள்ள இரட்டைக் கல். வழமையாகச் சொரசொரத்த முகத்தில் பரல் 120 இலக்கத்தை ஒட்டியது, மெதுமுகத்தில் 240ஐ ஒட்டியது. 120 என்றால் பரல் ஏறத்தாழ நூறு மைக்ரோன், தலைமயிரைவிடச் சற்றுத் தடிப்பு. பரலின் கடினம் மோஸ் அளவில் 9க்கும் 10க்கும் இடையில். இந்தக் கரையில் கிடைக்கும் கத்திகளை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தால் இதுதான் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்துகிறது. கொல்லர் லொறி வில்லுத் தகட்டில் அடித்துத் தரும் மன்னாக் கத்திக்குச் சொரசொரத்த முகம் மட்டும் போதும். மீன் வெட்டும் மெல்லிய கத்திகளும், வீட்டில் உள்ள மலிவான துருப்பிடியாக் கத்திகளும் மென்மையான உருக்கு. அவற்றுக்கு மெதுமுகத்தோடு நிறுத்திவிடலாம். மீன் தோலை அறுக்க நுண்ணிய பல் கொஞ்சம் இருக்கவும் வேண்டும். கண்ணாடிபோல் மெருகேறிய கூர் திருக்கைத் தோலில் வழுக்கும். சுறாத் தோலும் திருக்கைத் தோலும் லேசுப்பட்டவையல்ல. சுறாத் தோலில் நெருங்கி நிற்கும் சின்னஞ்சிறு செதிள்கள் பல்லுக்குரிய பொருளால் ஆனவை. வாலிலிருந்து தலைப்பக்கம் கையைத் தடவினால் அரத்தைத் தடவியதுபோல் இருக்கும். முன்பு மரம் மெருகேற்ற அதைப் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட தோலும் மணலும் ஒரு பக்கம், ஒரு நாளில் நூறு கிலோ மீன் மறுபக்கம். இந்தக் கத்தி நாளுக்குப் பத்துத் தரம் கல்லுக்கு வரும். வேகமாக அரிக்கும் கல்தான் அதற்குத் தேவை.

ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் உறவினர்கள் இப்போது ஜப்பானியத் தண்ணீர்க் கற்களைக் கொண்டுவருகிறார்கள். 1000மும் 6000மும் இலக்கமிட்டவை. அருமையான பொருட்கள், அதில் மறுபேச்சில்லை. பிணைப்பு மெதுவானது, புதிய பரல் ஓயாமல் மேலே வரும், கடினமான ஜப்பானிய உருக்குக்கு அதுவே சரி. அதே காரணத்தால் விரைவாகத் தேயும், அடிக்கடி சமப்படுத்தவேண்டும், சிலவற்றைத் தீட்டுமுன் ஊறவைக்க நல்ல தண்ணீரும் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும் இடத்தில், மென்மையான கத்திக்கு, மணல் பறக்கும் வாடியில் அந்தக் கல்லை வைப்பது கல்லுக்கும் நல்லதல்ல, கத்திக்கும் தேவையில்லை. பாளைக் கத்திக்கு மட்டும் அந்த 6000 உதவும். அங்கே ஏற்கெனவே பலகை இருக்கிறது.

இலக்கத்தை நம்பி வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கருக்கு ஒரு முறை, ஜப்பானியருக்கு ஒரு முறை. ஐரோப்பிய முறைக்குள்ளேயே, உரசுதாளில் 1000 என்றால் பரல் சுமார் 18 மைக்ரோன், கல்லில் 1000 என்றால் சுமார் 4½. ஒரே இலக்கம், நான்கு மடங்கு வித்தியாசம். பெட்டியில் உள்ள இலக்கத்தைவிட, பெருவிரல் நகத்தைக் கல்லில் ஒருமுறை உரசிப் பார்ப்பது பல சமயம் அதிகம் சொல்லும்.

வைரத் தகடு ஒன்றில் நான் ஏமாந்தேன். கொழும்பில் வாங்கியது, பெயரைச் சொல்லவேண்டியதில்லை. முதல் கிழமை அது உருக்கை வெண்ணெய்போல் சீவியது. மூன்றாவது மாதம் நடுவில் பரல் கழன்று வெறும் தகடு பளபளத்தது. மலிவான தகடுகளில் வைரம் ஒரே ஒரு அடுக்கு, நிக்கல் முலாமில் ஒட்டி நிற்பது. அது போனால் கீழே வேறு இல்லை. கல்லென்றால் தேயத் தேய உள்ளே இன்னும் கல்தான். நல்ல வைரத் தகடு நீண்டநாள் உழைக்கும் என்பதும் உண்மை, குழி விழாது என்பது அதன் பெரிய பலம். ஆனால் நல்லதையும் மலிவானதையும் கடையில் கண்ணால் பிரித்தறிய முடியவில்லை.

சைக்கிளில் சக்கரம் பூட்டி வரும் சாணைக்காரரிடம் கத்தியைக் கொடுக்கலாமா? மெதுவாய்ச் சுற்றும் கால்மிதிச் சாணை என்றால் தாராளமாக. மின்சார மோட்டார்ச் சாணையில் மட்டும் கவனம். பொறி பறக்கும்போது நுனியின் சூடு எங்கே போகிறது என்று நிறமே காட்டும்: உருக்கு வைக்கோல் நிறமாவது சுமார் 220 பாகையில், நீலமாவது சுமார் 300இல். நீலம் பார்த்த நுனியில் சாதாரணக் கரி உருக்கின் பதம் இறங்கிவிட்டது. அதன்பிறகு எந்தக் கல்லில் தீட்டினாலும் கூர் தங்காது. நீலம் பட்ட பகுதி முழுவதும் தேய்ந்து போகும்வரை அப்படித்தான்.

கல்லில் என்ன விடுவது? பலர் தேங்காயெண்ணெய் விடுகிறார்கள். அது இரும்புத் துகளோடு சேர்ந்து கல்லின் துவாரங்களை அடைத்துவிடும். கல் மழுங்கிவிட்டது என்று பிறகு கல்லைக் குறை சொல்வோம். தண்ணீரும் ஒரு சொட்டுச் சவர்க்காரமும் போதும். கடல் தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் அதைத் தொட்டுத் தீட்டுவதும் உண்டு. தீட்டுவதில் பிழை வராது. ஆனால் புதிதாய்த் திறந்த கூரில் உப்பு தங்கினால் அடுத்த நாள் காலை அந்தக் கூரைத் துரு தின்றிருக்கும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவைத்தால் போதும்.

கை எப்படிப் போகவேண்டும் என்பதை ஒரு கத்தியை வைத்தே சொல்கிறேன். ஐந்து சென்ரிமீற்றர் அகலக் கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, முதுகை ஒரு விரல் பருமன் உயர்த்துங்கள். அது ஏறத்தாழ இருபது பாகை. மீன் வெட்டும் கத்திக்குச் சரியான சாய்வு. அதே சாய்வில் அடிமுதல் நுனிவரை கூர்முன்னாக இழுக்கவேண்டும். ஒரு பக்கம் போதுமா என்று எண்ணிப் பார்க்கவேண்டியதில்லை. மறுபக்கத்தில் பெருவிரலைக் கூருக்குக் குறுக்காக, வெளிப்புறமாக, மெல்லத் தடவினால் மயிரிழைபோல் ஒரு பிசிர் தட்டும். அடிமுதல் நுனிவரை அந்தப் பிசிர் தொடர்ந்து தட்டினால் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு திருப்பி மறுபக்கம். கடைசியில் மெதுமுகத்தில், அழுத்தமே இல்லாமல், மாறி மாறி நாலைந்து இழுவை. பிசிர் விழுந்துவிடும். பிசிரை விழுத்தாமல் எழும்புபவர்கள்தான் “நேற்றுத் தீட்டினது, இன்டைக்கே மொட்டையாப் போச்சு” என்கிறார்கள். நேற்று அவர்கள் கண்ட கூர் அந்தப் பிசிர்தான்.

இவ்வளவும் கல்லின் முகம் தட்டையாக இருந்தால் மட்டும். நடுவில் குழிந்த கல்லில் ஒவ்வொரு இழுவையிலும் சாய்வு மாறும்; ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. கூர் உருண்டுபோகும். தட்டையான மலிவுக் கல் குழிந்த விலையுயர்ந்த கல்லைவிட மேல் என்று எங்கும் உறுதியாய்ச் சொல்வேன். புதுக்கல் வாங்கும்போது கடையிலேயே ஒரு நேரான அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். சில புதுக்கற்களே வளைந்துதான் வருகின்றன.

அன்று மதியம் பேசாலையில் மீன் முடிந்து, கட்டையைக் கழுவி, துண்டுகளுக்கு உப்புப் போட்டு அடுக்கியபிறகு அண்ணை அந்தக் குழிந்த பாதிக் கல்லை எடுத்துக்கொண்டு வாடியின் சீமெந்துத் தளத்துக்குப் போனார். இரண்டு கை கடற்கரை மணலைப் போட்டார், ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றினார். கல்லைக் கவிழ்த்துவைத்து எட்டுப் போடுவதுபோல் சுற்றிச் சுற்றி அரைத்தார். மணலால் சிலிக்கன் காபைட்டைக் கீற முடியாது. ஆனால் அதைப் பிடித்து வைத்திருக்கும் மண் பிணைப்பை மணல் தின்னும், பரல் உதிரும், புதுப் பரல் எழும்பும். கால் மணித்தியாலம் கழித்துக் கல்லைக் கழுவி என்னிடம் நீட்டினார். நடுக்குழி இருந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் பழைய கறுப்பு மினுக்கம் மீந்திருந்தது.

“இன்னும் கொஞ்சம் கிடக்கு,” என்று சொல்லி வாங்கி, மறுபடி மணலில் கவிழ்த்தார்.